சொந்த செல்போன் நெட்வொர்க்: 2ஜி, 4ஜி, 5ஜி, ஆயத்த செல் – எதில் இறங்குவது?

“எந்த எஸ்டிஆர் போர்டு வாங்கலாம்?” சிறிய அளவில் சொந்த செல்போன் நெட்வொர்க் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எஸ்டிஆர் என்பது மென்பொருளால் இயங்கும் ரேடியோ; கணினியோடு இணைத்தால் அந்தப் போர்டு செல் டவராக வேலை செய்யும். லைம்எஸ்டிஆரா, பிளேட்ஆர்எஃப்பா, யுஎஸ்ஆர்பியா என்று வாரக்கணக்கில் விலை பார்க்கிறார்கள். கடைசியில் ஒன்றை வாங்கிய பிறகு, போன் சிக்னலே பிடிக்கவில்லை என்று தவிக்கிறார்கள். போர்டு நான்காவதாக வர வேண்டிய கேள்வி. எந்த அலைவரிசையில் சிக்னல் அனுப்ப அனுமதி கிடைக்கும்? சேரப்போகிறவர்களின் கையில் எந்தப் போன் இருக்கிறது? அவர்களுக்குத் தேவை பேச்சா, டேட்டாவா? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் போர்டு தானாக முடிவாகிவிடும். ‘போர்டே வேண்டாம்’ என்ற விடையும் பல நேரம் வரும்.

இன்று நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு. எஸ்டிஆர் போர்டும் ஆஸ்மோகாம் மென்பொருளும் கொண்ட 2ஜி. எஸ்டிஆரும் எஸ்ஆர்எஸ்ரான் 4ஜி மென்பொருளும் சேர்ந்த எல்டிஇ, அதாவது 4ஜி. எஸ்டிஆரில், 4ஜியின் துணையில்லாமல் தனித்தியங்கும் 5ஜி. நான்காவது, ரேடியோவை மட்டும் ஆயத்தமாக வாங்கி, பின்னால் ஓபன்5ஜிஎஸ் போன்ற திறமூல கோரை (சிம்மைச் சரிபார்த்து இணைப்புகளை வழிநடத்தும் மைய மென்பொருளை) நாமே நடத்துவது. 3ஜியை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதற்கான எஸ்டிஆர் மென்பொருள் முழுமை அடையாமலே நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அங்கே போகக் காரணம் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அனுமதி. செல்போன் பேண்டில் உரிமம் இல்லாமல் ஒரு மில்லிவாட் அனுப்பினாலும் குற்றம்தான். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதை ஆள்கிறது. நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள் தனி நெட்வொர்க் நடத்துவதற்கான வழிகாட்டுதல்களைத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூனில் வெளியிட்டது. ஆய்வுக்கூடங்களுக்கு, சிக்னல் வெளியே போகும் சோதனைக்கும் போகாத சோதனைக்கும் தனித்தனிப் பரிசோதனை உரிமங்கள் இருக்கின்றன. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போக வேண்டும். சிறு நெட்வொர்க்குகளுக்கு வழி எளிதாக இருக்கும் நாடு பிரிட்டன். 2019 முதல் அங்கே ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் பகிர்வு உரிமம் தருகிறது. 1800 பேண்டில் 1781.7–1785 மற்றும் 1876.7–1880 மெகாஹெர்ட்ஸ் ஜோடிக்குக் குறைந்த சக்தி உரிமம் ஆண்டுக்கு 80 பவுண்டு. அந்த 3.3 மெகாஹெர்ட்ஸில் 3 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ கேரியர் (சிக்னலைச் சுமக்கும் அலை) ஒன்றோ, சில ஜிஎஸ்எம், அதாவது 2ஜி கேரியர்களோ வைக்கலாம். ஜெர்மனியில் உள்ளூர் வளாகங்களுக்கு 3.7–3.8 கிகாஹெர்ட்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, உங்கள் நாடு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ, அதுவே பாதித் தேர்வை முடித்துவிடுகிறது.

ஸ்பெக்ட்ரம் ஸ்கேனரில் ஓரிடம் வெறுமையாகத் தெரிகிறது என்பதற்காக அது காலி என்று எண்ணிவிட வேண்டாம். அது போன்கள் டவருக்கு அனுப்பும் பக்கமாக இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் அழைக்கும் நொடியில் மட்டும் அங்கே சிக்னல் எழும்.

போன். பேண்டு பொருந்தினால் மட்டும் போதாது. தெரியாத நெட்வொர்க் எண்ணை (ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அடையாளம் காட்டும் குறியீடு) பார்க்கும்போது போனின் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே பதிந்த மென்பொருள், என்ன செய்கிறது என்பதும் முக்கியம். 2ஜியில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. 4ஜியில் பேச்சுக்கு மட்டும் வரும். 5ஜியில் சிக்னல் பிடிப்பதற்கே வரும்.

கிளாக். ரேடியோவின் அலைவரிசைக்கு அடிப்படையான கடிகாரம்; விலைப்பட்டியலில் பலர் தவறவிடும் பாகம் இது. ஜிஎஸ்எம் டவரின் அலைவரிசைப் பிழை 0.05 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும் என்பது தரவரையறை. 1840 மெகாஹெர்ட்ஸில் அது 92 ஹெர்ட்ஸ். யுஎஸ்ஆர்பி பி210-இன் உள் கிளாக் ±2 பிபிஎம், அதாவது 3,680 ஹெர்ட்ஸ் வரை தள்ளிப்போகலாம். போன் ஏற்கெனவே பக்கத்து வணிக டவரைக் கேட்டுத் தன் கிளாக்கைச் சரிசெய்து வைத்திருந்தால், இவ்வளவு தள்ளி நிற்கும் செல்லைத் தேடலிலேயே கடந்து போய்விடும். “அடித்தளத்து அறையில் வேலை செய்தது, மாடிக்குக் கொண்டுவந்ததும் காணவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடித்தளத்தில் வேறு சிக்னல் இல்லாததால் போன் அகலமாகத் தேடியிருக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் தரும் ஜிபிஎஸ் கிளாக் ஒன்றைப் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடுங்கள். போர்டில் 10 மெகாஹெர்ட்ஸ் உள்ளீடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சக்தியும் ஃபில்டரும். எஸ்டிஆர் போர்டுகள் தருவது 10 டிபிஎம் அளவு, அதாவது 10 மில்லிவாட். ஓர் அறைக்கும் கூடத்துக்கும் அது போதும். தெருவுக்கு வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர், டூப்ளெக்சர் (அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் பாகம்), ஃபில்டர் மூன்றும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பின்னிணைப்பும் (டவரை இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு) பராமரிப்பும். இணைய இணைப்பு அறுந்தால் ஊருக்குள் பேச முடியுமா? மழையில் நனைந்தால் யார் ஏறிப் பார்ப்பது? விலையைவிட இந்த இரண்டும்தான் ஒரு நெட்வொர்க்கின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

## எந்த வழிக்கும் பொதுவானவை

சிம் அட்டை நாமே எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். சிஸ்மோகாம் விற்கும் சிஸ்மோஐசிம் வகை அட்டைகளைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் தனி ஏடிஎம் (ADM) எண், அதாவது அட்டையில் எழுத அனுமதிக்கும் ரகசிய எண் வரும். அதைத் தவறாகப் போட்டுக்கொண்டே போனால் அட்டை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எனவே அட்டையில் எழுத உதவும் பைசிம் கருவியை இயக்கும் முன் அட்டையில் அச்சிட்ட ஐசிசிஐடி என்ற அடையாள எண்ணையும் பட்டியலில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். இன்னொரு பொறி ஓபி, ஓபிசி என்ற இரு சாவிகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கோரில் எழுதிவிட்டால் போன் ஒவ்வொரு முறையும் ‘மேக் தோல்வி’ (அங்கீகாரக் குறியீடு பொருந்தவில்லை) என்று திருப்பி அனுப்பும். ஒவ்வொரு அங்கீகாரத்துக்கும் கூடிக்கொண்டே போகும் வரிசை எண் பிசகினால் போனும் கோரும் தாமாகச் சரிசெய்துகொள்ளும். சாவி பிசகினால் சரியாகவே ஆகாது.

நெட்வொர்க் எண்ணாக வணிக நிறுவனத்தின் எண்ணை ஒருபோதும் போடாதீர்கள். சோதனைக்கு 001–01 இருக்கிறது. தனி நெட்வொர்க்குகளுக்கென்றே 999 என்ற நாட்டுக் குறியீட்டைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ ஒதுக்கியிருக்கிறது.

போர்டு வாங்கும் முன்பே முழு 4ஜி நெட்வொர்க்கையும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும். எஸ்ஆர்எஸ்ரானில் ஜீரோஎம்க்யூ முறை என்று ஒன்று உண்டு. ரேடியோவுக்குப் பதில் மென்பொருள் போனும் மென்பொருள் டவரும் கணினிக்குள்ளேயே பேசிக்கொள்ளும். கோர், சிம் சாவி, ஐபி வழி எல்லாவற்றையும் ஒரு ரூபாய் செலவில்லாமல் கற்றுவிடலாம். இதைச் செய்துவிட்டு ரேடியோவுக்கு வருகிறவர், பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார்.

## வழி 1: எஸ்டிஆரும் ஆஸ்மோகாமும் – 2ஜி

குறைந்த செலவு செல்போன் நெட்வொர்க் என்ற எண்ணமே இங்கேதான் பிறந்தது. ஓபன்பிடிஎஸ் மென்பொருளை 2008-இல் அமெரிக்காவின் பர்னிங் மேன் விழாவில் பாலைவனத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 2013-இல் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநில மலையூரான தலேயா தே காஸ்த்ரோவில் ரைசோமாட்டிகா அமைப்பின் துணையோடு ஊர் மக்களே நெட்வொர்க் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் டவர் போட மறுத்த ஊர் அது. 2016-இல் அந்த ஊர்களின் கூட்டமைப்புக்கு அரசு முறையான அலைக்கற்றை உரிமமே கொடுத்தது.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் ஓபன்பிடிஎஸ்ஸை விட்டு ஆஸ்மோகாமுக்கே போவது நல்லது. பராமரிப்பு நடப்பது அங்கேதான். அது பல துண்டுகளாக இருக்கும்: ஆஸ்மோடிஆர்எக்ஸ், ஆஸ்மோபிடிஎஸ், ஆஸ்மோபிஎஸ்சி, ஆஸ்மோஎம்எஸ்சி, ஆஸ்மோஹெச்எல்ஆர், இவற்றை இணைக்கும் ஆஸ்மோஎஸ்டிபி, குரலைக் கடத்தும் ஆஸ்மோஎம்ஜிடபிள்யூ. முதல் வாரம் மிரட்டும். ஆனால் ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் செய்வதால் பிழை தேடுவது பிறகு எளிது. ஆஸ்மோடிஆர்எக்ஸ் யுஎஸ்ஆர்பியோடும் லைம்எஸ்டிஆரோடும் ஓடும். கையில் பிளேட்ஆர்எஃப் இருந்தால் யேட்பிடிஎஸ் என்ற வேறு மென்பொருள் பக்கம் போக வேண்டியிருக்கும்.

ஒரு கேரியருக்கு 200 கிலோஹெர்ட்ஸ், எட்டு நேரத்துண்டுகள். முதல் துண்டு கட்டுப்பாட்டுக்குப் போக, முழுவேகக் குரலில் ஏழு பேச்சு. எஸ்எம்எஸ் நெரிசல் இருந்தால் இன்னொரு துண்டையும் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும், அப்போது ஆறு. டேட்டா உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்: ஜிபிஆர்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 20 கிலோபிட், எட்ஜில் 59.2. வாட்ஸ்அப் படம் அனுப்புகிறவர்களுக்கு இது நெட்வொர்க்கே இல்லை.

2ஜியின் உண்மையான பலம் சக்திக் கணக்கில் இருக்கிறது. அதன் அலை ஒரே உயரத்தில் ஓடும். அதனால் 10 வாட் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிட்டத்தட்ட 10 வாட்டையும் எடுக்கலாம். எல்டிஇ அலை மேடும் பள்ளமுமாக எழும். அதன் உச்சம் சராசரியைவிட 10 டிபி (பத்து மடங்கு) வரை உயரும் என்பதால், அதே ஆம்ப்ளிஃபையரிலிருந்து சுமார் 1 வாட்தான் சுத்தமாகக் கிடைக்கும். திரும்பி வரும் பக்கத்திலும் 2ஜிக்கே லாபம். 900 பேண்டில் 2ஜி போன் 2 வாட் அனுப்பும்; எல்டிஇ போன் 200 மில்லிவாட்தான். சோலார் பேனலில் ஓடும் மலை உச்சி டவருக்கு இந்த வித்தியாசம் பேட்டரி எண்ணிக்கையாகவே மாறும். ஒரே ஆம்ப்ளிஃபையரில் இரண்டு மூன்று கேரியர்களைச் சேர்த்து அனுப்பினால் மட்டும் இந்த லாபம் கரைந்துவிடும்.

இதற்கு மறுபக்கம் உண்டு. 2ஜியில் நெட்வொர்க் போனைச் சோதிக்கும், போன் நெட்வொர்க்கைச் சோதிக்காது. போலி டவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் வேலை செய்கின்றன. அதனாலேயே ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 2ஜியை அணைக்கும் வசதி வந்தது. ஐபோனில் லாக்டவுன் முறையைப் போட்டால் 2ஜி நின்றுவிடும். இன்று ஓடும் நெட்வொர்க் ஐந்து ஆண்டு கழித்து எத்தனை போன்களுக்குத் தெரியும் என்று யோசித்துத்தான் பணம் போட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘யார் வந்தாலும் சேர்த்துக்கொள்’ என்ற அமைப்பைச் சோதனைக்காகப் போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். தெருவில் போகிறவரின் போன் உங்கள் செல்லில் வந்து ஒட்டிக்கொள்ளும். அவருக்கு வரும் அழைப்பு வராது. அவர் 112 அழைத்தால் அது உங்கள் மேசைக் கணினியில் வந்து நின்றுபோகும். அதைத் தவிர்க்க மறுக்கும்போதும் கவனம் தேவை. மறுப்புக் காரண எண் 2, 3, 6 ஆகியவற்றில் ஒன்றை அனுப்பினால், அந்தப் போன் தன் சிம்மே செல்லாது என்று முடிவுகட்டி, அணைத்துப் போடும் வரை எந்த நெட்வொர்க்கிலும் சேராது. காரணம் 11 அல்லது 13 அனுப்பினால் ‘இங்கே இடமில்லை’ என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த நெட்வொர்க்குக்குத் திரும்பிவிடும். ஆன்டெனாவை மாட்டும் முன் உங்கள் கோர் எந்த எண்ணை அனுப்புகிறது என்று வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்துவிடுங்கள்.

எப்போது இது சரி: சாதாரண பட்டன் போன்கள் நிறைந்த ஊர், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் போதும், பின்னிணைப்பு மெலிது அல்லது இல்லவே இல்லை, 900 அல்லது 850 பேண்டில் உரிமம் கிடைக்கிறது. ஊருக்குள் பேசுவதற்கு இணையமே தேவையில்லை. வெளி அழைப்புக்கு மட்டும் சிப் (SIP, இணையவழிப் பேச்சுக்கான நெறிமுறை) இணைப்பு வழியாக ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளோடு கோத்துவிடலாம்.

## வழி 2: எஸ்டிஆரும் எஸ்ஆர்எஸ்ரான் 4ஜியும் – எல்டிஇ

கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு நான்கில் மிகச் சிறந்தது இதுதான். அயர்லாந்தின் சாஃப்ட்வேர் ரேடியோ சிஸ்டம்ஸ் எழுதிய எஸ்ஆர்எஸ்எல்டிஇ 2021-இல் எஸ்ஆர்எஸ்ரான் என்று பெயர் மாறியது. டவர், மென்பொருள் போன், சிறிய கோர் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. அந்தச் சிறிய கோர் முதல் நாளுக்கு மட்டும். அதற்குப் பிறகு ஓபன்5ஜிஎஸ்ஸுக்கு மாறிவிடுங்கள். நாளை ஆயத்த செல்லோ 5ஜியோ வந்தாலும் அதே கோர் தொடரும்.

அகலத்தைக் குறைவாகத் தொடங்குவது புத்திசாலித்தனம். 5 மெகாஹெர்ட்ஸில், ஒரே ஆன்டெனாவில் 17 மெகாபிட்டை ஒட்டிக் கிடைக்கும். 10 மெகாஹெர்ட்ஸில் 35. 20 மெகாஹெர்ட்ஸில் 75. இரண்டு ஆன்டெனா போட்டால் 150. மேலே போகப் போகக் கணினிதான் மூச்சுத்திணறும். எல்டிஇ ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒரு துணைச்சட்டத்தை முடித்தாக வேண்டும். தாமதமானால் யுஎஸ்ஆர்பியின் இயக்கி திரையில் ‘எல்’, ‘யு’, ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்துகளைக் கொட்டும். எல் என்றால் பாக்கெட் தாமதம், யு என்றால் அனுப்பத் தரவு வந்து சேரவில்லை, ஓ என்றால் வாங்கியதை எடுக்க ஆளில்லை. முதலில் செய்ய வேண்டியவை: சிபியு கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றுவது, யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகுவது (ஹப் வேண்டாம்), குட்டையான நல்ல கேபிள், குறைதாமதக் கர்னல். விலை உயர்ந்த போர்டை மாற்றிப் பார்த்தவர்களின் குறை ஐந்தடி யுஎஸ்பி கேபிளில் இருந்ததுண்டு.

எல்லோரும் இடறும் இடம் பேச்சு. எல்டிஇயில் பேச்சு கிடையாது. அதற்கு ஐஎம்எஸ் என்ற தனி அமைப்பு வேண்டும். கமாயிலியோ மென்பொருளை வைத்துக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். சர்வர் ஓடினாலும் போன் ஒப்புக்கொள்ள வேண்டுமே? தெரியாத நெட்வொர்க்கில் வோல்டிஇயை (எல்டிஇ வழிப் பேச்சு) திறப்பதில்லை என்று பெரும்பாலான போன்களின் ஃபர்ம்வேரில் எழுதியிருக்கிறது. சிஸ்மோஐசிம் அட்டையில், எந்த ஆப்புக்கு என்ன உரிமை என்று சொல்லும் ஆரா-எம் விதிகளை எழுதி, சில ஆண்ட்ராய்டு போன்களில் திறக்க முடிகிறது. ஐபோனில் அந்தந்த நெட்வொர்க்குக்கென ஆப்பிள் வெளியிடும் அமைப்புக் கோப்பு வேண்டும், அது உங்களுக்குக் கிடைக்காது.

இதன் துணை விளைவு ஒன்று பலரைக் குழப்புகிறது. போன் சேரும், டேட்டாவும் ஓடும், சில நொடிகளில் தானே விலகிவிடும். பேச்சுக்கு முன்னுரிமை தரும் போன், ‘இங்கே பேச வழியில்லை’ என்று எல்டிஇயையே கைவிடுகிறது. ஓபன்5ஜிஎஸ்ஸின் எம்எம்இயை (போன்களைச் சேர்த்துக்கொள்ளும் பகுதி) எஸ்ஜிஎஸ் இடைமுகத்தால் ஆஸ்மோஎம்எஸ்சியோடு இணைத்தால் இது தீரும். கூடுதல் லாபமாக, 2ஜி ரேடியோ இல்லாமலேயே எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்யும். பேச்சுக்கு எந்தச் சண்டையும் போட விரும்பாதவர்கள் போனில் சிப் ஆப் ஒன்றைப் போட்டுவிடலாம். இந்த வழியில் போகிறவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

இன்னொரு பொறி: கூகுள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நிற்கும். குற்றம் ரேடியோவில் இல்லை. டவருக்கும் கோருக்கும் இடையே ஒவ்வொரு பாக்கெட்டும் ஜிடிபி உறைக்குள் போகிறது. ஐபிக்கு 20, யுடிபிக்கு 8, ஜிடிபிக்கு 8 என 36 பைட் கூடுகிறது. 1500 பைட் பாக்கெட் 1536 ஆகி வழியில் விழுந்துவிடும். போனுக்குச் சொல்லும் எம்டியுவை (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 ஆக்கினால் சரியாகிவிடும்.

பழைய கணினியில் கோரை நிறுவினால் அதன் தரவுத்தளமான மோங்கோடிபி எழும்பாமல் ‘தவறான கட்டளை’ என்று விழலாம். 5.0 பதிப்பு முதல் அதற்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி உள்ள சிபியு வேண்டும். மலிவு மினி கணினிகள் பலவற்றில் அது கிடையாது.

எப்போது இது சரி: கல்லூரி ஆய்வகம், பாதுகாப்பு ஆராய்ச்சி, ஐஓடி மோடம் சோதனை, கூடம் அளவிலான டேட்டா நெட்வொர்க். தெருவுக்குக் கொண்டுபோக இது வேண்டாம். ஆம்ப்ளிஃபையர், டூப்ளெக்சர், மழைபுகாப் பெட்டி எல்லாம் சேர்ந்த பிறகு ஆயத்த செல்லின் விலையைத் தாண்டிவிடும். அப்போதும் சான்றிதழ் இருக்காது.

## வழி 3: எஸ்டிஆரில் 5ஜி

டவர் மென்பொருள்களான எஸ்ஆர்எஸ்ரான் ப்ராஜெக்ட், ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோருக்கு ஓபன்5ஜிஎஸ் அல்லது ஃப்ரீ5ஜிசி. பி210-இல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். ஒரே ஆன்டெனாவில் 80 மெகாபிட்டை ஒட்டிக் கிடைக்கும். அதாவது எல்டிஇ தந்ததே. 5ஜி என்றால் மனதில் தோன்றும் வேகத்துக்கு 40, 100 மெகாஹெர்ட்ஸ் அகலமும், 10 கிகாபிட் ஈதர்நெட் உள்ள எக்ஸ்310 வகை யுஎஸ்ஆர்பியும், அதற்கேற்ற கணினியும் வேண்டும். அங்கே ‘குறைந்த செலவு’ என்ற சொல் பொருளிழந்துவிடும்.

போன்கள் இன்னும் கறார். தனித்தியங்கும் 5ஜியை எந்த நெட்வொர்க் எண்களில் திறப்பது என்று ஃபர்ம்வேரில் பட்டியல் இருக்கும். 001–01 சில போன்களில் வேலை செய்கிறது. வாங்கும் முன், உங்கள் மென்பொருளின் ஆவணத்தில் சோதித்ததாகச் சொல்லும் அதே மாடலை வாங்குவதுதான் பாதுகாப்பு. சிம்மிலும் வேலை இருக்கிறது. அட்டையின் சேவைப் பட்டியலில் 124, 125 ஆகிய இரண்டும் திறந்திருந்து, அடையாளத்தை மறைக்கும் சாவி அமைக்கப்படாமல் இருந்தால் பதிவு தோல்வியடையும். ஒன்று சாவியைச் சரியாக எழுத வேண்டும், அல்லது அவ்விரு சேவைகளையும் அணைக்க வேண்டும்.

என்78 போன்ற டிடிடி பேண்டில் (அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும்) அலைவரிசை சரியாக இருந்தால் போதாது, நேரமும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்து செல்களோடு 3 மைக்ரோநொடிக்குள் ஒத்துப்போக வேண்டும், அதனால் ஜிபிஎஸ் கட்டாயம். என்3 போன்ற, இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை உள்ள எஃப்டிடி பேண்டு கிடைத்தால் இந்தத் தலைவலி குறையும்.

எப்போது இது சரி: 5ஜியையே ஆராய்வது உங்கள் வேலை என்றால், அல்லது உங்கள் நாட்டில் உள்ளூர் உரிமம் 3.7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

## வழி 4: ஆயத்த செல்லும் திறமூல கோரும்

ரேடியோவை ஆயத்தமாக வாங்குவதன் பலனைப் பப்புவாவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. இந்தோனேசியாவின் அந்த மலைப்பகுதியில் 2013-இல் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஓபன்பிடிஎஸ்ஸால் 2ஜி கிராம நெட்வொர்க் நடத்தினார்கள். அதே மலைகளில் போகொண்டினி ஊரில் 2018-இல் தொடங்கிய கோஎல்டிஇ திட்டம் வேறு பாதையில் போனது. ரேடியோ கடையில் வாங்கிய எல்டிஇ செல், கோர் மட்டும் திறமூலம், சேவை வெறும் டேட்டா. பேச்சை வாட்ஸ்அப் போன்ற ஆப்களிடம் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் சியாட்டிலின் சமூக நெட்வொர்க்கும் சிபிஆர்எஸ் என்ற பகிர்வுப் பேண்டில் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

பைசெல்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் செல்லில் ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர், ஜிபிஎஸ், மழைபுகாப் பெட்டி எல்லாம் உள்ளேயே வரும். நாம் தருவது கோரின் ஐபி, நெட்வொர்க் எண், டிஏசி (செல் இருக்கும் பகுதியின் குறியீடு), அலைவரிசை எண் போன்ற சில மதிப்புகள்தான். டிஏசி இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் இணைப்பே எழாது. இன்னொன்று, செல் கோரோடு பேசுவது எஸ்சிடிபி நெறிமுறையில், போர்ட் 36412. வீட்டு ரவுட்டர்கள் பல எஸ்சிடிபியை அறியவே அறியா. அமைதியாகத் தூக்கிப் போட்டுவிடும். நடுவில் விபிஎன் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. வேறு கோரோடு இணைக்க அனுமதிக்கிறதா? அதற்குத் தனி லைசென்ஸ் கட்டணம் உண்டா? உங்கள் பேண்டுக்கும் நாட்டுக்கும் சான்றிதழ் இருக்கிறதா? சிபிஆர்எஸ்ஸில் சான்று பெற்ற கருவி மட்டுமே அலைவரிசைச் சர்வரில் பதிவாகும். எஸ்டிஆர் போர்டு அங்கே நுழையவே முடியாது.

எப்போது இது சரி: உண்மையான மக்கள் பயன்படுத்தப்போகும் எந்த டேட்டா நெட்வொர்க்குக்கும்.

## ஒரே பார்வையில்

| | 2ஜி எஸ்டிஆர் | 4ஜி எஸ்டிஆர் | 5ஜி எஸ்டிஆர் | ஆயத்த செல் |
|---|---|---|---|---|
| போன் | அநேகமாக எல்லாம் | பேண்டு பொருந்தும் 4ஜி போன்கள் | குறிப்பிட்ட மாடல்கள் | பேண்டு பொருந்தும் 4ஜி போன்கள் |
| பேச்சு | உடனே | ஆப் வழியாக | ஆப் வழியாக | ஆப் வழியாக |
| டேட்டா | கிலோபிட் | 17–150 மெகாபிட் | 80-ஐ ஒட்டி | பேண்டு அகலத்தைப் பொறுத்து |
| கணினி | பழைய லேப்டாப் | நல்ல நான்கு கோர் சிபியு | புதிய, வேகமான சிபியு | கோருக்கு மட்டும் மினி கணினி |
| வெளிக் கிளாக் | கட்டாயம் | நல்லது | கட்டாயம் | உள்ளேயே உண்டு |
| மறைந்த செலவு | டூப்ளெக்சர், ஃபில்டர் | டூப்ளெக்சர், வோல்டிஇ நேரம் | போன், கணினி | லைசென்ஸ், கம்பம் |

## கணக்கில் வராத செலவுகள்

போர்டு விலைகள் பரவலாக விரிந்திருக்கின்றன. லைம்எஸ்டிஆர் 2016-இல் கூட்டு நிதித் திரட்டலில் 299 டாலருக்கு வந்தது. பிளேட்ஆர்எஃப் 2.0 மைக்ரோ அதைவிடக் கூடுதல். பி210 இன்னும் பல மடங்கு. இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கவரி தனி. ஆனால் போர்டோடு செலவு முடிவதில்லை.

ஃபில்டரைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 900 பேண்டில் டவர் அனுப்புவது 935–960 மெகாஹெர்ட்ஸ். அதன் இரட்டை 1870–1920. எஸ்டிஆரின் வெளியீட்டில் ஃபில்டர் இல்லாததால் 937 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் அனுப்பும்போது 1874-இலும் ஒரு நிழல் போகிறது. அது வேறொருவர் உரிமம் வாங்கிய 1800 பேண்டின் டவர் பக்கம். ஆம்ப்ளிஃபையர் போட்டால் நிழலும் சேர்ந்தே பெருகும். புகார் வந்து கருவியைப் பறிமுதல் செய்யும்போதுதான் இது பலருக்குத் தெரிகிறது.

டூப்ளெக்சர் எதற்கு என்பதும் அதே வகைக் கேள்வி. நாம் அனுப்புவது பக்கத்து ஆன்டெனாவில் நுழைந்து, போனின் மெல்லிய குரலை மூழ்கடிக்கும். 10 மில்லிவாட்டில் இரண்டு ஆன்டெனாக்களையும் ஒரு மீட்டர் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். 1 வாட்டில் முடியாது. அப்போது போனில் சிக்னல் முழுக்கோடு காட்டும், ஆனால் சேராது.

அலைவரிசை உரிமம் இல்லாதவர் செய்யக்கூடியது கேபிள் சோதனை; இந்தியாவில் இதற்கும் மேலே சொன்ன, சிக்னல் வெளியே போகாத பரிசோதனை உரிமத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்குப் பதில் ஆன்டெனா இணைப்பி உள்ள எல்டிஇ மோடம் வாங்குங்கள். க்வெக்டெல் இசி25 போன்றது போதும். மோடம் 23 டிபிஎம் வரை அனுப்பும். பி210 தாங்கும் உள்ளீடு மைனஸ் 15 டிபிஎம். இடையே குறைந்தது 38 டிபி குறைப்பு தேவை. 50 டிபி அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) போட்டால் நிம்மதி. ஜிஎஸ்எம் 900 என்றால் 33 டிபிஎம் வரும், எனவே 60 போடுங்கள். மோடத்தின் பக்கம் நிற்கும் முதல் அட்டென்யுவேட்டர் 2 வாட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். இதை மறந்து நேராகக் கேபிளைச் செருகினால் போர்டின் முன்முனை முதல் அழைப்பிலேயே போய்விடும், அதற்கு வாரன்டியும் கிடையாது. உண்மையான போனை வைத்தே பார்க்க வேண்டுமென்றால் சிக்னலைத் தடுக்கும் கவசப் பெட்டி வாங்குங்கள். அதன் கதவை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் போனில் வணிக டவரின் சிக்னல் முற்றிலும் மறைகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே வர முடிகிற சிக்னல் வெளியேயும் போகும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஒன்றும் வாங்காமல் ஜீரோஎம்க்யூவில் ஓபன்5ஜிஎஸ். பிறகு எழுதக்கூடிய சிம் அட்டைகளும் அட்டை ரீடரும். அடுத்து உரிம விண்ணப்பம்; அதற்குப் பதில் வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் போர்டு, ஜிபிஎஸ் கிளாக், அட்டென்யுவேட்டர்கள், மோடம். உரிமம் கையில் வந்து, பேண்டு எது என்று உறுதியான பிறகே டூப்ளெக்சரும் ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபையரும் வாங்குங்கள். இவை மூன்றும் ஒரு பேண்டுக்கென்றே செய்யப்பட்டவை, வேறு பேண்டு ஒதுக்கப்பட்டால் எதற்கும் உதவாது.